மொட்டை மாடியில் நடந்த மேல்முறையீடு

புளியம்பொத்தை என்ற ஊரில் கொம்பையா, தங்கப்பழம், சொள்ளமுத்து என்று மூன்று பேர் இருந்தார்கள். யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே செய்துவிடுவார்கள். அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு.

அவர்களுடைய கூட்டாளி பேச்சிமுத்து, சாரத்தில் நின்று பெயிண்ட் அடிக்கும்போது விழுந்து, இரண்டு காலும் விளங்காமல் போனவன். அவனுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை திடீரென்று நின்றுவிட்டது. 'இவர் நன்றாக நடக்கிறார்' என்று எந்தப் புண்ணியவானோ எழுதிவிட்டானாம். பேச்சிமுத்து மேல்முறையீடு செய்தான். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

மாற்றுத்திறனாளிகள் சங்கத்து ஸ்டெல்லா அக்கா மூவரிடமும் படித்துப் படித்துச் சொன்னாள். "பேச்சி கூடவே நில்லுங்க. அதிகாரி முன்னால நீங்க வாயைத் திறக்கக் கூடாது. அவனே பேசிக்கிடுவான்."

"நிக்கோம்க்கா" என்றான் கொம்பையா.

நின்றார்கள். பஸ்ஸில் ஈ காக்கை இல்லை. பேச்சிமுத்து மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, மூவரும் அவனைச் சுற்றி நின்றார்கள்.

"உட்காருங்கய்யா, சீட்டு எல்லாம் காலியால்லா கிடக்கு" என்றார் கண்டக்டர்.

"எங்களை நிக்கச் சொல்லியிருக்காவ."

டிரைவர் பிரேக் போட்டார். மூவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். எழுந்து மறுபடியும் நின்றார்கள்.

ஆபீசுக்குப் பேச்சிமுத்துவைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, மாடிப்படிக்குக் கீழே பெரிய யோசனை வந்துவிட்டது.

"ஏல, முறையீடுன்னா கீழ. மேல்முறையீடுன்னா?" என்று கேட்டான் தங்கப்பழம்.

"மேல" என்றான் கொம்பையா.

"எம்புட்டு மேல?"

"அதாம்ல சிக்கல். கம்மியாப் போயிட்டா மனு செல்லாதுன்னு சொல்லிருவான்."

"அறை கீழதாம்ல இருக்கு! போர்டைப் பாருங்கல!" என்று கத்தினான் பேச்சிமுத்து.

"நீ பதறாத. உனக்கு நாங்க இருக்கோம்லா" என்று சொள்ளமுத்து அவனைத் தட்டிக்கொடுத்தான்.

தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கே போய்விட்டார்கள். அதற்கு மேல் மேல் கிடையாது.

கீழே பியூன் பேச்சிமுத்துவின் பெயரைக் கூப்பிட்டார். ஆகாயத்திலிருந்து பதில் வந்தது. அதிகாரி வரதராஜன் மூச்சு வாங்க ஏறி வந்து பார்த்தார். பேச்சிமுத்து நெட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தான். கூட நிற்க வேண்டுமென்றால் அவனும் நிற்க வேண்டுமே என்று, இரண்டு பக்கமும் அக்குளில் கைகொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

"கால் நடக்காதுன்னு மனு. நீங்க மொட்டை மாடியில காத்து வாங்குறீங்களா?" என்றார் அதிகாரி.

பேச்சிமுத்து அலறினான். "ஐயா, நான் ஏறலை. இவனுவதான் தூக்கிட்டு வந்தானுவ."

"அப்படியாப்பா?"

மூவரும் உதட்டை இறுக்கிக்கொண்டார்கள்.

"சொல்லுங்கல! என் சோத்துப் பிரச்சினைல!"

சொள்ளமுத்துவின் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. வாய் மட்டும் திறக்கவில்லை.

"நல்லாத்தானே நிக்கிறார்? விடுங்கப்பா அவரை" என்றார் அதிகாரி.

விட்டுவிட்டார்கள்.

பேச்சிமுத்து சரிந்தான். விழுகிற அவசரத்தில் கைக்குக் கிடைத்த அதிகாரியின் பெல்ட்டைப் பிடித்தான். இரண்டு பேரும் 'தொப்'பென்று தரையில் உட்கார்ந்தார்கள். பேச்சிமுத்துவின் இரண்டு காலும் துவண்டுபோய் அதிகாரியின் மடியில் கிடந்தன.

அதிகாரி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல நடிக்க எனக்குத் தெரியாதுய்யா" என்றான் பேச்சிமுத்து.

அதிகாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே விசாரணையை முடித்து, உதவித்தொகையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிவிட்டார். மேல்முறையீடு மேலேதான் என்பது நிரூபணமானதில், கொம்பையா மற்ற இருவரையும் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

பேச்சிமுத்துவைக் கீழே இறக்கியதும், ஸ்டெல்லா அக்கா வந்து அவனை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள். அதிகாரி மூவரையும் பார்த்து, "சரி, போயிட்டு வாங்க" என்றார்.

வாசல்வரை போனார்கள். திரும்பி வந்தார்கள்.

"இன்னும் என்னப்பா? போயிட்டு வாங்க."

போனார்கள். வந்தார்கள். அதிகாரி கும்பிட்டுச் சொன்னார், அதட்டிச் சொன்னார். எப்படிச் சொன்னாலும் போனார்கள், வந்தார்கள்.

சாயங்காலம் அதிகாரி அறையைப் பூட்டினார். வாட்ச்மேனிடம், "போயிட்டு வர்றேன்பா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் பறந்தார்.

"பாவம், இப்ப அவரு முறை" என்றான் தங்கப்பழம்.

"போற வேகத்தைப் பார்த்தா சட்டுனு வந்துருவாரு. இங்கனயே இருப்போம்" என்றான் கொம்பையா.