ஆளுக்கு ஒரு கரண்டி

“எனக்கு ரெண்டு பிள்ளைகளும் ஒண்ணுதான் சாமி. அதை நீங்கதான் பெரியவனுக்கு எடுத்துச் சொல்லணும்.”

உட்காரச் சொல்லியும் வைத்திலிங்கம் உட்காரவில்லை. மடத்து முற்றத்தில் தூணுக்குத் தூண் நடந்துகொண்டிருந்தார்.

மூத்தவன் குகநாதன் பெண்டாட்டி பிள்ளையோடு ஊரைவிட்டே போகிறான். சாயங்காலம் ரயில். இனி அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

“என்ன குறையாம்?” என்று கேட்டார் சாமி. அவருக்கு வைத்திலிங்கத்தைவிட முப்பது வயது குறைவு.

“எனக்கு எப்பவும் தம்பிதானாம். எவரிடத்தும் பேதம் பாராதேன்னு சாத்திரம் சொல்றதை நாற்பது வருசமா மேடையேறிப் பேசுறவன் நான். என்னைப் பார்த்துச் சொல்லிட்டான்.”

பிள்ளை போவது வலித்ததா, அந்தப் பேச்சு வலித்ததா? கேட்டால் பாவம், அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

“பிள்ளைங்க எங்கே?”

“போறதுக்கு முன்னாடி உங்களைக் கும்பிட்டுட்டுப் போகட்டும்னு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தேன். பந்தியில உட்கார்ந்திருக்காங்க.”

“அப்ப நீங்களே பரிமாறுங்க ஐயா.”

சாமி சாம்பார் வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

வைத்திலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. சோதனை. இதில் தோற்கிற ஆளா அவர்? வரிசையில் ஆளுக்கு ஒரு கரண்டி. குகநாதனுக்கும் ஒன்று, இளையவன் தயாபரனுக்கும் ஒன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“பார்த்தீங்களா சாமி?”

சாமி இலைகளைக் காட்டினார்.

தயாபரன் சோற்றின்மேல் நாலு முருங்கைக்காய்த் துண்டு. குகநாதன் இலையில் ஒன்றுகூட இல்லை. வாளியின் மேலோடு மொண்ட தெளிவுச் சாம்பார் இலை ஓரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“வேணும்னு செய்யலை சாமி. கை தானாப் போயிருக்கு. சின்னவனுக்கு முருங்கைக்காய்னா உயிர், அதான்...”

குகநாதன் தலை நிமிராமலே சொன்னான்:

“விடுங்க சாமி. எனக்கு முருங்கைக்காய் பிடிக்காது. அப்பாவுக்குத் தெரியும்.”

வைத்திலிங்கத்துக்கு அப்பாடா என்று இருந்தது. “கேட்டீங்களா?” என்று சாமியைப் பார்த்துச் சிரிக்கப் போனார்.

சாமி சிரிக்கவில்லை.

“அப்படியா ஐயா? அவருக்குப் பிடிக்காதா?”

வைத்திலிங்கம் வாயைத் திறந்தார். மகன் முகத்தைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருசம் ஒரே அடுப்புச் சோறு தின்ற பிள்ளை.

பிடிக்குமா, பிடிக்காதா?

அவருக்குத் தெரியவில்லை.