ஏழாவது தட்டு

பொன்னுரங்கம் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். நாற்பத்தெட்டு வயதில் லீவு போட்டுவிட்டு, முனைவர் பட்டத்துக்கு மாணவராகச் சேர்ந்தவர். அவருடைய வழிகாட்டி டாக்டர் ஹசீனா அவரைவிடப் பத்து வயது இளையவர். அவர் இவரை சார் என்பார், இவர் அவரை மேடம் என்பார். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், யார் குரு யார் சீடர் என்று கொஞ்சம் திணறித்தான் போவார்கள்.

சாருக்கு வேண்டியது ஈஸ்டின் புரதம் ஒன்று. ஈஸ்டிலிருந்தே எடுத்தால் துளிதான் தேறும். அதனால் அதற்கான மரபணுவை பிளாஸ்மிட் என்கிற சின்ன டிஎன்ஏ வளையத்தில் பொருத்தி, பாக்டீரியாவுக்குள் ஏற்றிவிட வேண்டும். பாக்டீரியா தனக்குச் சம்பந்தமே இல்லாத அந்தப் புரதத்தை மாங்கு மாங்கென்று செய்து தரும். தர வேண்டும்.

ஆறு முறை ஏற்றிப் பார்த்தார். ஆறு முறையும் புரதம் வரவில்லை. லீவு முடிய ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் வராவிட்டால் பட்டமும் இல்லை, வெறுங்கையோடு கல்லூரிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஏழாவது முறையாக ஏற்றிய பாக்டீரியாவை வளர்த்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனார்.

"எனக்குக் கைராசி இல்லையோ மேடம்?"

ஹசீனா தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பாக்டீரியாக்கள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தன; ஒவ்வொரு புள்ளியும் ஒரே பாக்டீரியாவிலிருந்து பெருகிய கூட்டம்.

"இதுல எதை எடுப்பீங்க சார்?"

பொன்னுரங்கம் யோசிக்கவே இல்லை. உருண்டு திரண்டு பளபளவென்றிருந்த ஒரு புள்ளியைக் காட்டினார்.

"ஆறு வாட்டியும் இப்படித்தானா?"

"நல்லா இருக்கறதாப் பார்த்துத்தான் எடுப்பேன் மேடம்."

இருபத்திரண்டு வருஷமாக முதல் பெஞ்சைப் பார்த்தே பாடம் நடத்தியவர் வேறெப்படி எடுப்பார்?

தட்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி இருந்தது. ஹசீனா ஒரு பல்குச்சியால் அதைத் தொட்டு, வளர்ப்புக் குழாய்க்குள் போட்டார்.

"அது பிழைக்குமா மேடம்?"

"பார்ப்போம்."

மறுநாள் காலையில் குழாய் லேசாகத்தான் கலங்கியிருந்தது. பொன்னுரங்கத்துக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. இருந்தாலும் மேடம் சொன்னபடியே, புரதம் செய்வதை முடுக்கிவிடும் மருந்தைக் கலந்து வளர்த்தார். சாயங்காலம், புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டி, சாயமேற்றிக் கழுவியபோது, புரதம் இருக்க வேண்டிய இடத்தில் தடியாக ஒரு நீலக் கோடு தெரிந்தது. அளவைச் சரிபார்த்தார். மறுபடியும் சரிபார்த்தார். அப்பாடா என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போன் செய்து "வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னார்.

ஹசீனா வந்து பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு சார். வாங்க, டீ சாப்பிடலாம்."

பொன்னுரங்கம் எழுந்திருக்கவில்லை.

"அப்போ அந்தக் கொழுத்ததெல்லாம் மேடம்?"

"வளையத்தை வாங்கிக்கிட்டு, மரபணுவை மட்டும் கெடுத்து வெச்சிருக்கும். சாப்பிட்டுச்சு, வளர்ந்துச்சு."

"இது மட்டும் ஏன் அவ்வளவு நோஞ்சானா இருந்துச்சு? ஏதாவது வியாதியா?"

"வியாதியெல்லாம் இல்ல சார். நீங்க கேட்டதை அது ஒண்ணுதான் செஞ்சுக்கிட்டிருந்துச்சு."