நெடுங்கைக்கு மேலே ஒரு சாண்

அந்தக் காட்டில் கோடை வந்தால் ஆறு ஒரே ஒரு மடுவுக்குள் அடங்கிவிடும். வடகரை விலங்குகளுக்கும் தென்கரை விலங்குகளுக்கும் குடிக்க அந்த மடு ஒன்றுதான்.

காலையில் யார் முதலில் குடிப்பது என்பதில்தான் எல்லாம் இருந்தது. வடகரையில் யானைகள் இருந்தன. அவை முதலில் இறங்கிவிட்டால் மற்றவர்களுக்கு மிஞ்சுவது சேறு.

இதற்காகச் சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போய், எப்போதோ ஓர் ஆட்டத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். சித்திரை பிறக்கும் நாளில், வடகரை யானை ஒன்று துதிக்கையில் மூங்கிலைப் பிடித்து மூன்று விளாங்காய்களை அடிக்கும். தென்கரைக் குரங்கு ஒன்று அவற்றைத் தரையில் விழாமல் பிடிக்க வேண்டும். மூன்றில் இரண்டைப் பிடித்தால் அந்தக் கோடை முழுக்க முதல் தண்ணீர் தென்கரைக்கு. இல்லையென்றால் யானைகளுக்கு.

அந்த ஆண்டு தென்கரைக்குப் பிடிக்க வந்தது துடி என்ற இளங்குரங்கு. பங்குனி முழுவதும் பயிற்சி நடந்தது. காட்டெருமை கொம்பால் விளாங்காய்களை வீசியது. துடி ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

அதற்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் காயைப் பார்ப்பார்கள். துடியோ வீசுகிறவர் எந்தக் காலில் பாரத்தைப் போடுகிறார் என்று பார்க்கும். காய் கிளம்புவதற்குள் ஓடத் தொடங்கிவிடும். காய் வந்து இறங்கும்போது அங்கே கையை நீட்டிக்கொண்டு நிற்கும்.

இதுதான் வம்பாகப் போயிற்று.

ஆடுகளத்தின் நடுவில் ஒரு பாறை இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மருதமரம். முன்காலத்தில் நெடுங்கை என்ற குரங்கு அந்தப் பாறையில் நின்று எம்பிக் குதித்துக் காய் பிடித்ததாம். அது எழும்பிய உயரத்தை மரங்கொத்தி மருதமரத்தில் ஒரு கோடாகக் கொத்தி வைத்திருந்தது. அதன் பிறகு வந்தவர்களுக்கும் கோடுகள் உண்டு. ஆனால் எல்லாம் நெடுங்கையின் கோட்டுக்குக் கீழேதான்.

துடிக்குக் கோடே கிடையாது. குதித்தால்தானே கோடு.

வாயாடி மைனாவும் நினைவாற்றலுக்குப் பேர்போன ஆமையும் தினமும் இதைப் பற்றியே பேசின. துடி பெரியவனா, நெடுங்கை பெரியவனா என்று மைனா தொடங்கும். ஆமை பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும். நெடுங்கை குதித்தபோது வடகரையே வாயைப் பிளந்ததாம். ஒரு முயல் மயங்கி விழுந்ததாம்.

"இவன் ஆட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது?" என்றது மைனா. "சந்தைக்குப் போய்க் காய் வாங்குகிற மாதிரி நடந்துபோய் வாங்கிக்கொள்கிறான்."

அன்று முதல் குட்டிக் குரங்குகள் துடியைக் 'காய்வாங்கி' என்று கூப்பிட ஆரம்பித்தன.

ஒரு புள்ளிமான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தது. சென்ற கோடையில் சேற்றுநீர் குடித்த அதன் குட்டி வயிற்றுப்போக்கில் இறந்துபோனது. இப்போது காலடியில் இன்னொரு குட்டி நின்றது. பிறந்து ஒன்பது நாள்.

"ஆமையாரே, துடி இதுவரை எத்தனை காயைத் தவறவிட்டான்?" என்று மான் கேட்டது.

"ஒன்றும் இல்லை."

"அப்புறம் என்ன?"

"அது வேறு, அம்மா," என்றது ஆமை. "நாங்கள் பேசிக்கொண்டிருப்பது உயரத்தைப் பற்றி."

சித்திரை பிறந்தது. இரண்டு கரையும் கூடின. வடகரையிலிருந்து கருமலை என்ற யானை மூங்கிலோடு வந்தது.

முதல் அடி. கருமலை வலப்பக்கம் சாய்ந்ததுமே துடி வலப்பக்கம் ஓடியது. காய் அதன் கையில் வந்து உட்கார்ந்தது. மான் மட்டும் தலையசைத்தது. மற்றவர்கள் அடுத்த அடிக்குக் காத்திருந்தார்கள். கூட்டத்தில் எங்கிருந்தோ, "காய் என்ன விலை, தம்பி?" என்று ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். துடி சிரிக்கவில்லை.

இரண்டாவது அடி ஆற்றையும் தாண்டி மூங்கில் புதருக்குள் போய் விழுந்தது. அதை எந்தக் காலத்துக் குரங்கும் பிடித்திருக்காது. அதில் யாருக்கும் குறை இல்லை.

இனி எல்லாம் மூன்றாவது அடியில்தான் இருந்தது.

துடி மெதுவாக நடந்துபோய் நெடுங்கையின் பாறைமேல் ஏறி நின்றது. மரங்கொத்தி பறந்துவந்து மருதமரத்தில் ஒட்டிக்கொண்டது.

மானுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. "தம்பி, நீ எப்போதும் நிற்கிற மாதிரியே நில்லேன்," என்றது.

"கொஞ்சம் பொறு அக்கா. இன்றைக்குப் பார்."

கருமலை மூங்கிலை ஓங்கியது. அதன் பாரம் இடப் பின்னங்காலுக்குப் போனது. துடி அதைப் பார்த்துவிட்டது. காய் பாறையைத் தாண்டி இடப்பக்கம் பத்தடியில் இறங்கும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. கால்கள் ஓடத் துடித்தன. ஓடினால் போதும். நின்றபடியே வாங்கிக்கொள்ளலாம்.

ஓடினால் கோடு கிடையாது.

துடி பாறையிலேயே நின்றது. காய் தலைக்கு மேலே வரும்வரை நின்றது. பிறகு இரண்டு காலையும் சேர்த்து உந்தி எழும்பியது. அந்தக் காடு அதற்குமுன் அப்படி ஒரு குதியைப் பார்த்ததில்லை. இரண்டு கரையும் ஒருசேர மூச்சை இழுத்தன.

காய் விரல் நுனியை உரசிக்கொண்டு போய், பத்தடி தள்ளிக் கல்லில் விழுந்து உடைந்தது.

ஆனால் எல்லாக் கண்களும் மருதமரத்தின்மேல்தான் இருந்தன. மரங்கொத்தி கொத்தி முடித்துவிட்டு நகர்ந்தது. புதிய கோடு நெடுங்கையின் கோட்டுக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

"நான் அப்போதே சொன்னேனே," என்றது மைனா. அது சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. குட்டிக் குரங்குகள் மரத்தைச் சுற்றி ஆடின. தென்கரை தோற்றது அவற்றுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது.

மான் மரத்தை அண்ணாந்து பார்த்தது. "நல்ல உயரம்தான் தம்பி," என்றது. "என் குட்டிக்குத்தான் எட்டாது."

பிறகு அது குட்டியை முட்டி எழுப்பி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுனையை நோக்கி நடத்திக்கொண்டு போனது. சுனைக்குப் போகும் வழியில் சிறுத்தையின் குகை இருந்தது.

துடி ஆமையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. உடைந்த விளாங்காய்த் துண்டு ஒன்றைக் கையில் உருட்டியபடி கேட்டது: "நெடுங்கை ஏன் ஆமையாரே எப்போதும் குதித்தே பிடித்தது?"

"அதற்கு ஒரு கண் தெரியாது," என்றது ஆமை. "காய் கிளம்பியது அதற்குத் தாமதமாகத்தான் தெரியும். ஓட நேரம் இருக்காது. குதிப்பதைத் தவிர வேறு வழியில்லை, பாவம். முன்கூட்டியே ஓட முடியவில்லையே என்று சாகும்வரை வருத்தப்பட்டது."

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"

"யார் கேட்டார்கள்? எவ்வளவு உயரம் என்றுதானே எல்லோரும் கேட்டீர்கள்."

துடி மருதமரத்தைப் பார்த்தது. பிறகு மடுவைப் பார்த்தது. யானைகள் ஒவ்வொன்றாக அதில் இறங்கிக்கொண்டிருந்தன.

நீதி: ஒருவரை இன்னொருவரோடு அளந்து பார்க்கும் முன், எதை அளக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.