பாம்புப் பானையும் மந்திரியின் கையும்

எத்தனையோ தலைமுறைக்கு முன்னால், கொன்றையூர்ச் சீமையை மருதவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கை தாராளம், காதுதான் இளக்கம். கடைசியாக யார் பேசினார்களோ அவர் பேச்சே அவனுக்குச் சட்டம். அந்தக் காதை விட்டு நகராமல் நின்றவன் தளவாய் மகுடேசன். மந்திரி அறவாழியின் பெயரைக் கேட்டாலே அவனுக்கு வயிறு எரியும்.

பாம்புப் பானையை அரண்மனைக்குக் கொண்டுவந்தவனும் அவன்தான். வழக்கில் சிக்கியவர் சத்தியம் செய்துவிட்டு, கட்டுவிரியன் கிடக்கும் பானைக்குள் கையை விட வேண்டும். சொன்னது மெய்யானால் உயிர் தங்கும். பொய்யானால் பொழுது சாய்வதற்குள் ஆள் போய்விடுவார்.

"பாம்புக்கு யாரும் லஞ்சம் கொடுக்க முடியாது, மகாராஜா" என்றான் மகுடேசன். ராஜாவுக்கு அது ரொம்பவே பிடித்துப்போயிற்று. இரண்டு பேர் செத்தார்கள். பொய்யர்கள், ஒழிந்தார்கள் என்று சபை கலைந்தது.

பிறகு ஒருநாள் ராஜாவின் வெள்ளைக் குதிரை வாயில் நுரை தள்ளி விழுந்து செத்தது. லாயத்துக்குப் புல் அறுத்துப் போடும் பூவாயி என்பவள் அரளித் தழையைக் கலந்து போட்டாள், கண்ணால் கண்டேன் என்றான் மகுடேசன். அவளை வேலையில் சேர்த்துவிட்டவர் அறவாழி.

"நான் போடலை, மகராசா! அந்தக் குதிரை என் கையிலேருந்துதான் தின்னும். அதுக்குப் போய் வெஷம் வைப்பேனா?" என்று கதறினாள் பூவாயி.

"தீர விசாரிக்க அவகாசம் கொடுங்கள், மகாராஜா" என்றார் அறவாழி.

"எதற்கு? நாளைக் காலையில் பாம்பு சொல்லிவிடும்" என்று எழுந்து போய்விட்டான் ராஜா.

அறவாழி வீட்டுக்கு வந்து நேரே கொல்லைக்குப் போனார். பல்லி பிடிக்க வரும் பாம்பொன்று அவர் விறகு அடுக்குக்குள் சுருண்டு கிடப்பது வழக்கம். அடுக்கைக் கட்டை கட்டையாகப் பிரித்து, பாம்பைப் பிடித்து ஒரு பானைக்குள் விட்டார். வாயைத் துணியால் கட்டுமுன் அதன் கழுத்தையும் வாலையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். தப்பாகப் பார்த்துவிட்டால்? பூவாயியின் முகம் நினைவுக்கு வந்தது. முடிச்சை இறுக்கினார்.

மறுநாள் சபையில் தன் பானையை அரண்மனைப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பூவாயிக்கு முன்னால் நான் ஒரு சத்தியம் செய்ய வேண்டும், மகாராஜா. தளவாய், இந்தப் பானையில் இருப்பது என்னவென்று பாரும்."

மகுடேசன் எட்டிப் பார்த்தான். கருத்த உடம்பு, வெள்ளை வெள்ளையாய்ப் பட்டை. "கட்டுவிரியன்தான்! பாம்பில் எனக்கா சந்தேகம்?" என்றான்.

"சரி. குதிரையைக் கொன்றவன் நான். இது சத்தியம்."

"என்ன உளறுகிறீர்? குதிரை செத்த அன்று முழுக்க என்னோடு ஏரிக்கரையில் இருந்தீரே!" என்று ராஜா எழுந்தான். அதற்குள் அறவாழியின் கை உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது மணிக்கட்டில் ரத்தம் துளிர்த்திருந்தது.

ராஜா ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். வைத்தியரை அறவாழி தன் கிட்டே விடவில்லை. ராஜா சோறு தண்ணீர் தொடவில்லை. வெயில் ஏறியது, இறங்கியது. பொழுதும் சாய்ந்தது. அறவாழி ஒரு செம்பு மோர் வாங்கிக் குடித்தார்.

மகுடேசனுக்குத் தாங்கவில்லை. "பிழைத்துவிட்டார் பாருங்கள்! அப்படியானால் சொன்னது மெய். குதிரையைக் கொன்றவர் இவரேதான்!"

"வாயை மூடும்!" என்றான் ராஜா. "இவர் கொல்லவில்லை என்பதற்கு நானே சாட்சி. இவர் சொன்னது பொய். பொய் சொன்னவரைப் பாம்பு ஏன் விட்டது?"

"இது கட்டுவிரியன் இல்லை, மகாராஜா" என்றார் அறவாழி. "வெள்ளிக்கோல் வரையன். துளி விஷம் கிடையாது. கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் பட்டை மங்கி, வால் பக்கம் பளிச்சென்று இருக்கும். இதற்குக் கழுத்தில் தொடங்கி வாலில் மங்கிவிடும். கட்டுவிரியனைப் போல இருப்பதால்தான் இதைக் கொல்ல வருவது எதுவும் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தில் இது தப்பிவிடும். சாது, வேஷத்தால் பிழைத்திருக்கிறது. பாம்புக்கும் பாம்புக்கும் நமக்கே வித்தியாசம் தெரியவில்லை. மனிதனுக்கும் மனிதனுக்கும் அதற்கா தெரியப்போகிறது?"

ராஜா தளவாயைப் பார்த்தான். "பூவாயி தழை போட்டதைக் கண்ணால் கண்டதாகச் சொன்னீரே. இரண்டு பானையில் உமக்குப் பிடித்ததில் கையை விட்டு, அதையே சொல்லும்."

மகுடேசன் இரண்டு பானைகளையும் மாறி மாறிப் பார்த்தான். மந்திரி சொல்லை நம்பிக் கையை விடவும் அவனுக்குத் துணிவு வரவில்லை. "நான் பார்க்கவில்லை, மகாராஜா. மந்திரி சேர்த்த ஆள் என்பதால் சொல்லிவிட்டேன்."

தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, சபை பார்க்க வெளியே நடந்தான் அவன். அந்தப் பதவியும் பூவாயியின் விலங்கும் அன்றே கழன்றன.

ராஜா தன் முத்துமாலையை அறவாழியின் கழுத்தில் போட்டான். போட்ட கையை எடுக்காமலே, மெல்லக் கேட்டான்: "மந்திரியாரே, முன்பு செத்த அந்த இரண்டு பேர்?"

"அவர்களுக்கு வைத்த பானையில் இருந்தது நிஜமான கட்டுவிரியன், மகாராஜா. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

ராஜா செருப்பைக் கழற்றினான். குடை பிடிக்க வந்தவனை வேண்டாம் என்றான். "அவர்கள் வீடு எந்தத் தெருவில்?" என்று கேட்டுக்கொண்டே அரண்மனைப் படிகளில் இறங்கினான். அறவாழி வழி காட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.