செண்பகராமன் ஒட்டிய பேட்டரி

பாளையங்கோட்டையில் ஒரு லேப்டாப் ரிப்பேர் கடை. குரு பெனிட்டாவுக்கு வயது முப்பத்தொன்று. சீடர் செண்பகராமனுக்கு அறுபது. கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். தனியாக வேலை பார்க்கத் தனக்கென்று ஒரு மேசை எப்போது கிடைக்கும் என்பதே ஆறு மாதமாக அவருடைய கவலை.

அன்று வந்தது புது மாடல். பேட்டரி செத்திருந்தது. அதன் அடி முழுக்கப் பசை.

"மெமரியையும் போர்டோட சேத்து ஈயம் வச்சுப் பத்த வச்சிருக்கான், டீச்சர். கூட்டவும் முடியாது, கழட்டவும் முடியாது. இதைச் செஞ்சவன் வெளங்கவே மாட்டான்."

திட்டிக்கொண்டே செண்பகராமன் பசை இளக்கித் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, அரை நாள் மல்லுக்கட்டிப் பேட்டரியைப் பெயர்த்தார். புதியதை வைத்து மூடியபோது மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

"முடிஞ்சுது, டீச்சர். நல்ல கெட்டிப் பசையா வச்சு அமுக்கிட்டேன். இனி எமனே வந்தாலும் பிரிக்க முடியாது. மேசை எப்போ?"

பெனிட்டா எழுந்து, அலமாரியிலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய லேப்டாப் ஒன்றை எடுத்து வந்தார்.

"இதுக்கு மெமரி கூட்டிக் குடுங்க, அண்ணாச்சி."

ஐந்தே நிமிட வேலை. ஸ்க்ரூ எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டன. மூடியின் உட்புறத்தில் யாரோ மார்க்கரில் எழுதியிருந்தார்கள்: 'ஓரத்து ஸ்க்ரூ குட்டை. மாத்திப் போட்டுராதீங்க.' டிஸ்க்கைப் பிடித்து இழுக்க டேப்பில் ஒரு நாக்கும் விட்டிருந்தார்கள்.

செண்பகராமனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"முன்னாடி யாரோ பிரிச்சிருக்காங்க, டீச்சர். நல்ல மெக்கானிக்."

"யாரு?"

"தெரியலையே."

"எந்தக் கடை?"

"அதுவும் தெரியல."

"பின்ன எப்படி நல்ல மெக்கானிக்னு சொல்லுதீங்க?"

அவர் மூடியில் இருந்த எழுத்தை இன்னொரு தடவை படித்தார். திரும்பிப் புது லேப்டாப்பைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. பிறகு தன்னை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பசை இளக்கியைக் கையில் எடுத்தார். நாக்கு விட ஒரு துண்டு டேப்பும் கத்தரித்துக்கொண்டார்.

"இந்தப் பேட்டரியும் மூணு வருஷத்துல ஓஞ்சிரும்லா. அப்போ இதை யார் பிரிப்பாங்களோ?"

"யாரோ. உங்களுக்கு மேசை குடுக்க வேண்டியது அவங்கதான், அண்ணாச்சி."