நீலச் சேலைத் துணி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ரோஜாச் செடியும் விற்கும், செத்துப்போன டிவியும் விற்கும். அங்கே எமல்டாவைத் தெரியாத பழைய சாமான்காரர் கிடையாது. வயது முப்பத்து நாலு. வால்வு போட்ட பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, ரிப்பேர் செய்து, வாசிக்கிறவர்களுக்கு விற்பாள். குப்பையோடு குப்பையாகக் கிடக்கிற பெட்டியை இருபதடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு சிஷ்யர். பெயர் சவரிநாதன். வயது அறுபத்தொன்று.

சிரிக்காதீர்கள். சந்தையே சிரித்து ஓய்ந்துவிட்டது.

ரயில்வேயில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரம்பூரில் தனி ஆளாகப் பொங்கித் தின்கிறவர். கிட்டாரைக் கையால் தொட்டதில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அவள் எதிரே வந்து நின்றார்.

"இந்த ஆம்ப் தேடுறதை எனக்கும் கத்துக் குடுங்க டீச்சர்."

"எதுக்கு சார்?"

"சும்மாதான். பொழுது போகல."

பச்சைப் பொய். எமல்டா துருவவில்லை. சந்தையில் பழகியவள், ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கமாட்டாள்.

மனுஷனுக்கு வேண்டியது ஒரே ஒரு பெட்டி. அவர் மகன் ரூபனுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ரயில்வே பரீட்சைக்குப் போகாமல் கல்யாண வரவேற்பில் வாசிக்கப் போய்விட்டான் என்று, அவன் இல்லாத நேரத்தில் இவரே அதைத் தூக்கிப் பழைய சாமான் வண்டியில் போட்டார். அன்று சாயங்காலமே பையன் கிட்டாரை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனான். ஆறு மாதம் கழித்து ஆம்புலன்ஸில்தான் பெரம்பூருக்குத் திரும்பி வந்தான்.

பெட்டி கிடைத்தால் என்ன செய்வார்? அது அவருக்கே தெரியாது. கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். அடையாளம் ஒன்று இருந்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் இருந்த துணி கிழிந்தபோது, செத்துப்போன அம்மாவின் சேலையில் ஒரு துண்டு வெட்டி ரூபன் ஆணி அடித்துப் பொருத்தியிருந்தான். நீலத்தில் வெள்ளைப் புள்ளி. அதனால் எந்த ஆம்பைக் கண்டாலும் சவரிநாதன் முதலில் குனிந்து முன்பக்கத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு நிமிர்வார்.

"அப்படி உத்துப் பார்க்காதீங்க சார்" என்பாள் எமல்டா. "கண்ணு காட்டிக் குடுத்துடும். விலை ஏறிடும். எது வேணுமோ அதுக்குப் பக்கத்துல இருக்கிறதை விலை கேளுங்க."

அன்றைக்கு இஸ்மாயில் பாய் விரித்திருந்த தார்ப்பாயில் இரண்டு ஆம்புகள் இருந்தன. சவரிநாதன் வழக்கம்போலக் குனிந்தார், நிமிர்ந்தார்.

"இதுல எது டீச்சர் மலிவா வரும்?"

எமல்டா இரண்டையும் திருப்பி வைத்தாள்.

"முன்னாடியே பார்க்கிறீங்களே, பின்னாடி பாருங்க. இது ஒயரை அழகாச் சுத்தி ரப்பர் பேண்டு போட்டிருக்கு. யாரோ ஆசையா வச்சிருந்து, மனசில்லாம வித்தது. விலை இறங்காது."

"இன்னொண்ணு?"

"ஒயர் எங்க சார்?"

ஒரு சாண் வால்தான் இருந்தது. மிச்சம் இல்லை.

"வெட்டியிருக்கு" என்றாள். "பிளக்கைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும்? அதுக்குக்கூடப் பொறுக்கல. யாரோ யார் மேலயோ இருந்த கோவத்துல தூக்கிப் போட்டது. வீட்டை விட்டுப் போனாப் போதும்னு குடுத்திருப்பாங்க. கோவத்துல வர்ற சாமான் மாதிரி மலிவு எதுவும் கிடையாது."

சவரிநாதன் அந்த வாலைத் தொட்டுப் பார்த்தார். முப்பது வருஷம் பழகிய கட்டிங் பிளையர். ஒரே வெட்டு. இனிமே எப்படி வாசிக்கிறான்னு பார்க்கிறேன் என்று ஆளில்லாத வீட்டில் கத்தியதும் ஞாபகம் வந்தது.

எமல்டா ஒரு மிக்ஸி ஜாரை எடுத்து விலை கேட்டாள். பாய் சொன்னார். போகிற போக்கில், "அந்த வால் இல்லாததையும் சேர்த்துப் போட்டுக் குடுங்க பாய்" என்றாள்.

"உங்கிட்ட எத்தனை ஜார்தாம்மா சேர்ந்திருக்கு?" என்று பாய் சிரித்தார். சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

மற்ற நாட்களில் சவரிநாதன் அப்படியே ஸ்டேஷனுக்குப் போய்விடுவார். அன்று பெட்டி கனமாக இருந்ததால், ஆலந்தூரில் அவள் வேலை செய்கிற மாடி அறை வரை தூக்கிக்கொண்டு வந்தார். முதல் தடவையாக வருகிறார். படி ஏறும்போதே கேட்டார்.

"நீங்க வாங்கினதுல ரொம்ப மலிவு எது டீச்சர்?"

எமல்டா மூலையில் ஒரு பழைய போர்வையை விலக்கினாள்.

"இதுதான். முந்நூறு ரூபாய். இதுக்கும் ஒயரை வெட்டித்தான் இருந்தது."

நீலத்தில் வெள்ளைப் புள்ளி.

சவரிநாதன் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். பாதி வைத்தார், பாதி விழுந்தது.

"என்ன விலை?" என்றார். மறுபடியும் கேட்டார்.

"போச்சு போங்க. இத்தனை நாள் சொல்லிக் குடுத்தது என்னாச்சு?" என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "இது விக்கிறதுக்கில்ல சார். மூணு பேர் கேட்டுட்டாங்க, குடுக்கல. சொந்தக்காரன் வருவான்."

"யாரு?"

"நான் இதை வாங்கின மறுவாரம் ஒரு பையன் வந்தான். சந்தை பூரா தேடிட்டு, பாய் சொல்லி இங்க வந்திருக்கான். 'அக்கா, இது என்னோடது'ன்னான். எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஆனா அவன் பெட்டியைப் பார்க்கவே இல்ல. இந்தத் துணியைத் தொட்டுக்கிட்டே நின்னான். கண்ணு காட்டிக் குடுத்துடுச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா?"

அவர் பெட்டிக்குப் பக்கத்தில் போனார்.

"பதினாலாயிரம்னு சொன்னேன். பேரம் பேசுவான்னு பார்த்தேன். பேசவே இல்ல. 'சரிக்கா, பெங்களூர் போய் வாசிச்சு சம்பாதிச்சுட்டு வர்றேன், யாருக்கும் குடுத்துடாதீங்க'ன்னு படி இறங்கிட்டான். கூப்பிடலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கூப்பிடல." போர்வையை மடித்தாள், மறுபடி பிரித்தாள். "வரட்டும், சும்மாவே குடுத்துடணும்னுதான் வச்சிருக்கேன்."

"வந்தான்" என்றார் சவரிநாதன்.

"எப்போ?"

"பெங்களூர்லேர்ந்து வந்துக்கிட்டுதான் இருந்தான். கிருஷ்ணகிரி தாண்டி பஸ் கவுந்துடுச்சு. போலீஸ்காரங்க பையைக் குடுத்தாங்க. துணிக்கு நடுவுல ஒரு கவர். சரியா பதினாலாயிரம். எதுக்கு இதைச் சேர்த்து வச்சான்னு எனக்கு இத்தனை நாளாப் புரியவே இல்ல டீச்சர்."

எமல்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒயரை வெட்டினது நான்தான்" என்றார்.

கீழே தெருவில் தண்ணீர் லாரி வந்தது. குடங்கள் முட்டிக்கொண்டன, யாரோ யாரையோ திட்டினார்கள், லாரி போனது. அவள் துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, பெட்டியை மேஜை அருகே இழுத்தாள். அதற்குப் புது ஒயர் போட்டிருந்தாள். அதைச் சுவரில் செருகாமல், நடுவே ஒரு குண்டு பல்பு வைத்த பலகையில் செருகினாள்.

"நேரா கரண்ட் குடுக்கக் கூடாதா?"

"ரொம்ப நாள் சும்மா கிடந்திருக்கு சார். ஒரேயடியாக் குடுத்தா புகைஞ்சிடும். பல்பு வழியா கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கணும்."

பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. பெட்டிக்குள் வால்வுகள் சிவந்தன. கொஞ்ச நேரம் கழித்து உம்மென்று ஒரு இரைச்சல் மெல்ல எழுந்து நின்றது. பாட்டு இல்லை, வாசிப்பு இல்லை, அந்த இரைச்சல் மட்டும்தான்.

சவரிநாதன் தரையில் உட்கார்ந்தார். மனைவியின் சேலைத் துணியில் காதை வைத்தார். அழுதார். அவன் வீட்டில் வாசித்தபோது ஒருநாள்கூட இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"அவன் வாசிச்சது கொஞ்சமாவது இதுக்குள்ள தங்கியிருக்குமா?"

எமல்டா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொல்லவா வேண்டாமா என்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல எதுவும் தங்காது சார். நாம குடுக்கிறதைப் பெருசாக்கும். அவ்வளவுதான்."

சவரிநாதன் காதை எடுக்கவில்லை.