வேதமுத்து கொடுத்த ஞானஸ்நானம்

"வா... வாய் திக்குறவனை யாராவது மூப்பராக்குவாங்களா, பாஸ்டர்?"

தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வேதமுத்து கேட்டார்.

பக்கத்தில் நின்ற சற்குணம் பாஸ்டர் அவரைவிட வயதில் இளையவர். "கூப்பிட்டது கர்த்தர்லா, நான் இல்லியே, அண்ணாச்சி" என்றார்.

கரையில் சபையார் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். சபைக்கு மூப்பரான பிறகு வேதமுத்து கொடுக்கப்போகும் முதல் ஞானஸ்நானம். வாங்க வந்திருந்தவரோ பொன்னுலிங்கம்! பள்ளிக்கூடத்திலிருந்து சந்தைக்கடை வரைக்கும், வேதமுத்து வாயைத் திறந்தாலே அதேபோலத் திக்கிக் காட்டி ஊரைச் சிரிக்கவைத்தவர்.

வேதமுத்து பாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மோ... மோசேக்கும் திக்குவாய்தான். அவருக்காகப் பேச ஆரோன் இருந்தான். நீங்க வார்த்தையைச் சொல்லுங்க பாஸ்டர். நான் மு... முக்கி எடுக்கேன்."

பாஸ்டர் விறுவிறுவென்று கரையேறினார். வேட்டியைப் பிழிந்துகொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"பாஸ்டர்!"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு நின்றது. பொன்னுலிங்கம் தண்ணீரில் இறங்கி வந்தார்.

"பா... பாஸ்டர்கிட்ட வாங்கிக்கோ, பொன்னு. நான் சொதப்பிருவேன்."

"உன் கையாலதான் வேணும்னு கேட்டதே நான்தான்."

"கே... கேலி பண்ணவா?"

பொன்னுலிங்கம் தலைகுனிந்தார்.

"என் பொண்டாட்டி படுக்கையில கெடந்தப்ப எத்தனையோ பேர் வந்தாங்க. கடகடன்னு ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டாங்க. உனக்கு ஒரு ஜெபம் முடிய அரை மணி நேரம் ஆச்சு. அவ்வளவு நேரம் எங்க பக்கத்துல வேற எவம்லே உக்காந்தான்?"

வேதமுத்து பொன்னுலிங்கத்தின் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

"பி..."

கரையில் சபையார் எட்டிப் பார்த்தார்கள்.

"பி... பி..."

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. சொல்லவேண்டியதெல்லாம் மனதுக்குள் வரிசையாக நின்றது. வாய்க்குத்தான் வரவில்லை. கண் பாஸ்டரைத் தேடி ஓடியது. பாஸ்டர் கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"மெதுவா சொல்லு" என்றார் பொன்னுலிங்கம். "நான் எங்கேயும் போகல."

வேதமுத்து கரையைப் பார்ப்பதை விட்டார். பாஸ்டரைப் பார்ப்பதையும் விட்டார். தலையைப் பின்னால் சாய்த்து, மேலே பார்த்தார்.

"பிதாவே!"